குதிரைக்கு ஒரு சிம் கார்டு

குல்பாஷ் என் கடைக்கு வந்து இரண்டாவதாக ஒரு சிம் கார்டு கேட்டபோது, பெய்செனின் மனைவி கனிபாவும் அங்கே நின்றுகொண்டிருந்தாள். கனிபா இல்லாதிருந்தால் அந்தப் பேச்சு ஊருக்குள் போய்ச் சேர ஒரு வாரமாவது ஆகியிருக்கும்.

"உன்கிட்டதான் ஒரு நம்பர் இருக்கே," என்றேன்.

"அது எனக்கு. இது வேற ஒரு ஆளுக்கு."

"எந்த ஆளுக்கு?"

குல்பாஷ் கனிபாவைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் இருந்த தேயிலைப் பொட்டலங்களைப் பார்த்தாள். "எங்க வீட்டு ஆளுக்குத்தான். குடேன், மைரா."

அவள் வீட்டில் ஆள் யாரும் கிடையாது. புருஷன் அமந்தாய் செத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. கனிபா ரொட்டியை வாங்கிக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாக ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போனாள். சாயங்காலத்துக்குள் எங்கள் ஊர் கோய்தாஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது: அமந்தாயின் கல்லறை மண் காய்வதற்குள் குல்பாஷ் ஒருத்தனைப் பிடித்துவிட்டாள், அவனுக்கு போனும் வாங்கிக் கொடுக்கிறாள்.

அந்த ஆள் ஒரு புள்ளிக் குதிரை என்பது எனக்கே சில நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நானும் குல்பாஷும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு மருமகள்களாக வந்தவர்கள். நான் வந்தது கடைக்காரர் வீட்டுக்கு, அவள் வந்தது குதிரைக்காரர் வீட்டுக்கு. கல்யாணத்துக்கு முன்பே கார்கராலி டவுன் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள் என்பதால், எங்கள் ஊர் நிலையத்தையும் அவளிடமே ஒப்படைத்தார்கள். ஒரு சின்ன அறை, பலகை நிறைய ஓட்டைகள், அதில் செருகும் கம்பிகள். ஊரில் யார் யாரோடு பேசினாலும் அவள் கை வழியாகத்தான் பேசினார்கள். குரலைக் கேட்டே, "உங்களுக்குச் சளி பிடிச்சிருக்கு மாமா, டீயில ஆட்டு வால் கொழுப்பு போட்டுக் குடிங்க, இதோ லைன் தர்றேன்," என்பாள். மொபைல் போன் வந்ததும் அந்த அறையைப் பூட்டிவிட்டு, பலகையைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் மாட்டியிருந்த மாவட்ட வரைபடத்தை யாரும் கேட்கவில்லை. அவள் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

அமந்தாய் நல்ல மனுஷன், பேச்சுக்காரன். எங்கள் பக்கம் குதிரைகளோடு யாரும் கூடவே நிற்பதில்லை. அவை பாட்டுக்கு மேயும். அவ்வப்போது போய்த் தேடிப் பார்த்துவிட்டு வருவோம். அமந்தாய்க்குத் தேடுவதுதான் பிடித்த வேலை. ஒரு தேடலுக்குக் கிளம்பினால் மூன்று நாள் ஆளைக் காணமுடியாது. குதிரை தேடி வந்தவருக்கு டீ கொடுக்காமல் அனுப்பும் வீடு எங்கள் பக்கம் கிடையாது. டீ கொடுத்தால் அவர் சேதி சொல்லியாக வேண்டும். இப்படி மேய்ச்சல் நிலத்தில் ஆட்கள் மந்தையோடு தங்கும் கொட்டில்கள் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, யார் வீட்டில் பிரசவம், யார் பையனுக்குப் பெண் பார்க்கிறார்கள், யாருடைய கடாவை ஓநாய் தூக்கியது என்று எல்லாம் கேட்டுக்கொண்டு வருவான். "குதிரை கிடைச்சுதா?" என்று குல்பாஷ் கேட்டால், "அது அங்கதான் எங்கேயோ இருக்கும். முதல்ல இதக் கேளு," என்று ஆரம்பிப்பான்.

அந்த ஜனவரியில் குதிரைகள் மூன்று நாளாகக் கண்ணில் படவில்லை. காலையில் காற்று அடங்கியிருந்தது. போன வருஷம் வடக்குப் பள்ளத்தில் ஒதுங்கியிருந்தன என்று சொல்லி அமந்தாய் வடக்கே போனான். மதியத்துக்கு மேல் பனிப்புயல் மறுபடி பிடித்துக்கொண்டது. மறுநாள் அவனுடைய சவாரிக் குதிரை, சேணம் வயிற்றுக்கடியில் புரண்டு கிடக்க, தனியாக வீட்டுக்கு வந்தது. அதற்கடுத்த நாள் அவனைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்தார்கள்.

அவனுடைய குதிரைகள் தெற்கே, பெய்செனின் குளிர்காலக் கொட்டிலுக்குப் பின்னால், வைக்கோல் போருக்கு ஒட்டினாற்போல நின்றிருந்தன. வீட்டிலிருந்து ஒரு மணி நேரச் சவாரி. பெய்சென் அவற்றின் சூட்டுக்குறியைப் பார்த்து யாருடையவை என்று தெரிந்துகொண்டு, இரண்டு கட்டு வைக்கோலும் உதறிப் போட்டிருந்தான். அமந்தாய் நாளைக்கோ மறுநாளோ தேடிக்கொண்டு வருவான், டீ குடிப்பான், ஓட்டிக்கொண்டு போவான் என்று இருந்துவிட்டான். யாராயிருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். இதற்காக யாரும் யாருக்கும் போன் செய்ததில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் குல்பாஷ் அழுது நான் பார்க்கவில்லை. அடுப்பங்கரையில் என்னிடம் மட்டும், "எந்தப் பக்கம்னு மட்டும் தெரிஞ்சிருந்தா, மைரா," என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அடுத்த அறையில் இருந்த கனிபாவின் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். தன் வீட்டைக் குத்திக் காட்டுவதாக அவள் எடுத்துக்கொண்டாள் என்பது பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

நாற்பதாம் நாள் சாப்பாடு முடிந்ததும் அமந்தாயின் அண்ணன் கசிமுராத் பேச்சை எடுத்தார். அவர்தான் இனி அந்தக் குடும்பத்துக்குப் பெரியவர். நேர்மையானவர், ஆனால் ஒரு முடிவைச் சொன்னால் அது அத்தோடு முடிந்தது என்று நினைப்பவர்.

"குதிரைங்கள என் மந்தையோட சேத்துடு. உனக்கு வேண்டியத நான் குடுக்கிறேன்."

"என்கிட்டயே இருக்கட்டும்," என்றாள் குல்பாஷ், தலையைக் குனிந்தபடி.

"பொம்பள தனியா எப்படித் தேடுவ?"

"தேடப் போறதில்லங்க."

கசிமுராத் என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். துக்கத்தில் அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வசந்தத்தில் அவள் கராகண்டாவில் இருக்கும் தன் அக்காள் மகன் ஜந்தோஸ் வீட்டுக்குப் போனாள். அவனிடம் இரண்டு டாக்சிகள் இருந்தன, ஓட்டுவது வேறு ஆட்கள். அவர்கள் எங்கே சுற்றுகிறார்கள் என்று பார்க்க வண்டிக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை ஒளித்து வைத்திருந்தான். அதிலிருக்கும் நம்பருக்கு போன் போட்டால் இரண்டு மணியடித்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். பிறகு தான் இருக்கும் இடத்தை எண்களாக ஒரு குறுஞ்செய்தியில் அனுப்பும். குல்பாஷ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது குதிரையில வேலை செய்யுமா?"

"குதிரைக்கு எதுக்கு சித்தி? குதிரை என்ன, சவாரி ஏத்திக்கிட்டுக் கணக்குக் காட்டாமப் போகுதா?"

"செய்யுமா, செய்யாதா?"

"பேட்டரி வேணும். கார்னா காரோட பேட்டரியில ஓடும். குதிரைக்கு எங்க போறது?"

அவன் அதற்குப் பெரிய டார்ச் லைட் பேட்டரி ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தான். ஊருக்கு வந்த குல்பாஷ், அமந்தாயின் பழைய பூட்ஸின் மேல்பாகத்தை வெட்டி, உள்ளே கம்பளி வைத்துத் தைத்து, அந்தக் கருவிக்கு உறை செய்தாள். மந்தைக்கு முன்னால் நடக்கும் புள்ளிக் குதிரையின் கழுத்தில் கட்டினாள். அதற்குத்தான் அந்த சிம் கார்டு.

ஊர்ப்பேச்சு என் காதுக்கே தாங்காமல் போனதும் நான் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் என்னை வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும்.

"இப்ப போன் போடுறேன், கேளு."

அவள் போனை என் காதில் வைத்தாள். இரண்டு மணி அடித்தது. துண்டித்துவிட்டது.

"கட் பண்ணிட்டாங்களே," என்றேன்.

"பண்ணிட்டா. அவ பேசமாட்டா. எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லுவா."

செய்தி வந்தது. வரிசையாக எண்கள். வீட்டுக்குள் போய் அந்தப் பழைய வரைபடத்தை மேசைமேல் விரித்தாள். பென்சிலால் கட்டங்கள் போட்டு வைத்திருந்தாள். விரலை ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தினாள். "உப்பு ஏரிக்கு இந்தப் பக்கம், ஊத்து இருக்கிற இடம். தண்ணி குடிக்க வந்திருக்காங்க." புருஷன் செத்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நான் கடையில் வருகிற போகிற எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். கள்ளக் காதலன் கதை ஓய்ந்தது. அதன் இடத்தில் குதிரைக் கதை வந்து உட்கார்ந்தது. அதற்குக் கள்ளக் காதலனே தேவலை என்று தோன்றியது. கல்யாண வீட்டில் ஆண்கள் தரையில் விரித்த விருந்துத் துணிக்கு மறுபக்கத்திலிருந்து கத்துவார்கள்: "குல்பாஷ் அண்ணி, உங்க குதிரை நேத்து எனக்கு மிஸ்டு கால் குடுத்துச்சு. திரும்பக் கூப்பிடட்டுமா, தப்பா நெனச்சுக்குவீங்களா?" இன்னொருவன், "எங்க வீட்டுக் கழுதைக்கும் ஒரு நம்பர் வாங்கிக் குடுங்க அண்ணி, ஜோடி சேத்துடலாம்," என்பான். விடலைகள் அவள் நம்பருக்கு போன் போட்டுக் கனைத்துவிட்டு வைப்பார்கள். அவள் கோபப்படவில்லை. "அது குதிரைக் கனைப்பு மாதிரி இல்லடா. ஒழுங்கா கத்துக்கிட்டு வா," என்று பதில் சொல்வாள்.

கேலி பெரிய விஷயமில்லை. நடந்தது வேறு. அவள் காலையில் மேட்டில் ஏறிச் செய்தி பார்ப்பாள், நேராகக் குதிரை இருக்கும் இடத்துக்குப் போவாள், பேட்டரியை மாற்றுவாள், மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவாள். வழியில் எந்தக் கொட்டிலிலும் இறங்க வேலை இல்லை. முதலில் இரண்டொருவர், "என்ன குல்பாஷ், எங்க வீட்டு டீ கசக்குதா?" என்று கேட்டார்கள். மற்றவர்கள் தங்கள் குதிரைகளைத் தேடிக்கொண்டு அவள் வீட்டுக்கு வருவார்கள். "ரெண்டு செவலைக் குதிரை, நெத்தியில வெள்ளை, பாத்தீங்களா அண்ணி?" அவள் பார்த்திருக்க மாட்டாள். அவள்தான் எங்கும் சுற்றுவதில்லையே.

"உங்க போன்ல பாருங்களேன்."

"இது என்னோடத மட்டும்தான் தம்பி காட்டும்."

"ஓ," என்று சொல்லிவிட்டு அவர்கள் டீயை நின்றபடியே குடித்துவிட்டுப் போவார்கள். சேதி இல்லாத வீட்டில் எவ்வளவு நேரம் உட்காருவது? அறுவடைக் காலம் வருவதற்குள் அவர்கள் வருவதும் நின்றுவிட்டது. அவள் எப்போதும்போல ஐந்தாறு கிண்ணங்களை எடுத்து வைத்து, பவுர்சாக் என்ற மாவு உருண்டைகளைப் பொரித்து, துணியைப் போட்டு மூடி வைத்திருப்பாள். நான் வாரம் ஒரு தடவை கடையை அடைத்துவிட்டுப் போவேன். மூடியது மூடியபடி இருக்கும்.

"அமந்தாய்க்கு மூணு நாள் ஆகும்," என்றாள் ஒருமுறை. "எனக்கு அரை நாள்தான் ஆகுது. மீதி ரெண்டரை நாள என்ன பண்றதுன்னு தெரியல, மைரா."

அக்டோபரில் ஒருநாள் புள்ளிக் குதிரை, வரைபடத்துக்கே வெளியே இருப்பதாகச் செய்தி வந்தது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தாள். மறுபடி போட்டாள். அதே எண்கள். ஜந்தோஸுக்குச் சொன்னாள். அவன் கணினியில் பார்த்துவிட்டு, "சித்தி, அது தெற்கே டவுன்ல, ஒரு வீட்டு முற்றத்துல இருக்கு," என்றான். குதிரை தானாக அவ்வளவு தூரம் ஓர் இரவில் போகாது. லாரியில்தான் போக முடியும்.

அவள் போலீசுக்குப் போனாள். முதலில் அவர்களும் சிரித்தார்கள். பிறகு ஓர் அதிகாரி, வேறு வேலை இல்லாததாலோ என்னவோ, அவளையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் கிளம்பினார். முற்றத்தின் பின்கட்டில் குல்பாஷின் நான்கு குதிரைகளும், பெய்செனின் ஆறும், இன்னும் சூட்டுக்குறி தெரியாத சிலவும் இருந்தன. புள்ளிக் குதிரையின் கழுத்திலிருந்த தோலுறையை ஏதோ தாயத்து என்று நினைத்து அவிழ்க்காமல் விட்டிருந்தார்கள். கத்தி தீட்டி வைத்திருந்தார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் எல்லாம் கறியாகியிருக்கும்.

வீட்டுக்காரன் பெயர் ஒல்ஜாஸ். அவனைப் பார்த்ததும் குல்பாஷ் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"தெரிஞ்ச ஆளா?" என்று அதிகாரி கேட்டார்.

"எங்க சொந்தம்."

"என்ன சொந்தம்? யாரோட பையன்?"

"பையன் இல்ல, மருமகன்."

"யாரோட மருமகன்? பேரச் சொல்லுங்க, எழுதணும்."

எங்கள் பெண்கள் புருஷனின் அண்ணன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். குல்பாஷ் இத்தனை வருஷமும் 'மேல வீட்டார்' என்றுதான் சொல்லிவந்தாள். அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். "கசிமுராத்," என்றாள். அந்தப் பெயரை அவள் சொன்னது அதுவே முதல் தடவை.

கசிமுராத்துக்கு மருமகன் செய்த வேலை எதுவும் தெரியாது. அதை நான் நம்புகிறேன், குல்பாஷும் நம்பினாள். ஆனால் அவர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது உள்ளே வரவில்லை, தொப்பியைக்கூட எடுக்கவில்லை.

"குதிரைதான் கிடைச்சிடுச்சே. புகாரத் திருப்பி வாங்கு."

"நான் யார் மேலயும் புகார் குடுக்கலங்க. என் குதிரை எங்க இருக்குன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"என் பேரச் சொல்லியிருக்க."

குல்பாஷ் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"என் பொண்ணு கைக்குழந்தையோட வந்து எங்க வீட்டுல உக்காந்திருக்கா. இத்தன வருஷத்துல இந்தப் பக்கம் எத்தனையோ குதிரை திருடு போயிருக்கு. எங்க போச்சுன்னு யாருக்கும் தெரிஞ்சதில்ல. தெரியாததால எல்லாரும் ஒண்ணா இருந்தோம்."

அவர் போய்விட்டார். ஒல்ஜாஸைச் சிறைக்கு அனுப்பினார்கள்.

பெய்சென் தன் ஆறு குதிரைகளை ஓட்டிக்கொண்டு வந்த அன்று குல்பாஷுக்கு ஓர் ஆட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனான். கனிபா வரவில்லை. ஊரில் புதிதாக ஒரு பயம் பிறந்திருந்தது. குல்பாஷின் போனில் எல்லாம் தெரியும், யார் எங்கே போகிறார்கள், எந்த வீட்டு முன்னால் யாருடைய வண்டி நிற்கிறது, எல்லாம் தெரியும் என்றார்கள். அவள் மேட்டில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டால் சில ஆண்கள் சுற்றுவழியில் போனார்கள். என் கணவரும் ஒருநாள் கேட்டார்: "நிஜமாவே ஒண்ணும் தெரியாதா?" "உங்க கழுத்துல ஒண்ணும் கட்டலையே, பயப்படாதீங்க," என்றேன்.

ஜனவரியில் அமந்தாயின் வருஷத் திதி வந்தது. குல்பாஷ் ஒரு குதிரையை அறுத்தாள். விடியற்காலையிலிருந்து நானும் அவளும் பெரிய கொப்பரைகளில் கறி வேகவைத்தோம். அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கி மூன்று அறைகளிலும் விருந்துத் துணி விரித்தோம். அதே நாளில், அதே நேரத்தில், தம்பிக்காகத் தன் வீட்டிலும் சாப்பாடு போடுவதாகக் கசிமுராத் சொல்லி அனுப்பியிருந்தார். முல்லா முதலில் எங்களிடம் வந்தார், அவசரமாக ஓதினார், கிண்ணத்தில் வாய் வைத்துவிட்டு எழுந்தார். மூன்று அறைகளில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். பெய்சென் தனியாக வந்திருந்தான். சாப்பிடாமல் கறி வெட்டும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அன்னிக்கே நான் ஒரு ஆளை அனுப்பியிருக்கணும்," என்றான் திடீரென்று. "வைக்கோல் போட்டேன். ஆளை அனுப்பணும்னு தோணல."

குல்பாஷ் அவன் தட்டில் கறியை வைத்தாள். "சாப்பிடுங்க. ஆறிடும்," என்றாள்.

மிச்சமான கறியை நாங்கள் இரண்டு பேரும் உப்புப் போட்டுத் தொங்கவிட்டோம். அது வசந்தம் வரைக்கும் இருந்தது.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம். அவள் வாழ்க்கையில் அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை, அவளிடமும் இல்லை. குளிரில் பேட்டரி நாலு நாளில் செத்துப்போகாமலிருக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். தோட்டத்தில் குத்தி வைக்கும் சூரிய விளக்கின் தகட்டைப் பிரித்துக் கழுத்துப்பட்டையில் தைத்தாள். புள்ளிக் குதிரை கிழடாகி விழுந்தபோது அதன் மகளுக்கு மாற்றிக் கட்டினாள். ஒவ்வொரு முறை சரிப்படுத்தியதும் கடைக்கு வந்து எனக்கு விவரமாகச் சொல்வாள். எனக்குப் பாதிதான் புரியும். புரிந்ததுபோல் கேட்டுக்கொண்டிருப்பேன். வேறு யாரிடம் சொல்வாள்? சிலநாள் காரணமில்லாமலே குதிரைக்கு போன் போடுவாள் என்று அவளே சொன்னாள். "ரெண்டு மணி அடிக்கும்ல, அதக் கேக்குறதுக்கு."

பிறகு ஊருக்குப் பக்கத்திலேயே கோபுரம் வந்தது. எல்லோர் கையிலும் பெரிய திரை போன் வந்தது. ஒரு வசந்தத்தில் நகரத்திலிருந்து ஓர் இளைஞர் கார் நிறையப் பெட்டிகளோடு வந்து கலாசாரக் கூடத்தில் கூட்டம் போட்டார். குதிரைக் கழுத்துப்பட்டை, சூரியத் தகடு, செயற்கைக்கோள், திரையில் நகரும் சின்னச் சின்னக் குதிரைப் படங்கள். ஊரே வந்திருந்தது. கசிமுராத் முன்வரிசையில் இருந்தார். குல்பாஷ் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க ஊர்ல இது வரைக்கும் யாரும் இத உபயோகிச்சதில்ல, சரிதானே?" என்று கேட்டார் அந்த இளைஞர்.

சிலர் திரும்பிப் பார்த்தார்கள். கனிபாதான் சொன்னாள்: "ஏன் இல்ல? பின்னாடி பாருங்க. நீங்க பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அவ குதிரைக்கு போன் இருக்கு." கூட்டம் சிரித்தது. முன்னைப்போலக் குத்தலாக இல்லை.

இளைஞர் ஆவலாக அவளிடம் வந்தார். "எந்த மாடல் அக்கா?"

"மாடல்லாம் இல்ல. டாக்சியில இருந்தது."

"குளிருக்கு நின்னுச்சா?"

"நிக்க வச்சேன்."

அவர் தன் கழுத்துப்பட்டையை அவள் கையில் கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தையலை நகத்தால் அழுத்திப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று தலையசைத்தாள். பிறகு கேட்டாள்: "இதுல மத்தவங்க குதிரையும் தெரியுமா?"

"இல்லவே இல்ல அக்கா. உங்களது உங்களுக்கு மட்டும்தான். அந்த விஷயத்துல பயமே வேணாம்."

"தெரிஞ்சா நல்லாருக்கும்," என்றாள் குல்பாஷ்.

அவருக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போனார். அன்று முன்வரிசையிலிருந்த அத்தனை பேரும் வாங்கினார்கள். கசிமுராத்தும் வாங்கினார். குல்பாஷ் வாங்கவில்லை, அவளுடையது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு குளிர்காலம் போயிற்று. குதிரை தொலைந்தது என்ற பேச்சே ஊரில் இல்லை. திருட்டும் குறைந்தது. என் கடைக்கு வரும் பெண்கள் அதிக நேரம் நிற்க ஆரம்பித்தார்கள். உப்பு வாங்க வந்தவள் உப்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே அரை மணி நேரம் பேசுவாள். கொட்டில் பக்கம் ஒருத்தரும் வருவதில்லை என்பார்கள். பெய்செனுக்கு அதற்குள் பார்வை மங்கிவிட்டது. அவனும் கனிபாவும் வருஷம் முழுக்கக் கொட்டிலிலேயே தங்கிவிட்டார்கள். பிள்ளைகள் நகரத்திலிருந்தே திரையில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

போன பிப்ரவரியில் குல்பாஷ் குதிரையேறிப் பெய்செனின் கொட்டிலுக்குப் போனாள். அமந்தாய் இறந்த பிறகு அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை. அங்கே நடந்ததைக் கனிபாவே கடைக்கு வந்து என்னிடம் சொன்னாள்.

"நாய் குரைச்சுது. யாருடான்னு பாத்தா இவ. மீசைக்காரன் மாதிரி முகமெல்லாம் பனி. 'ஒரு சாம்பல் குதிரையக் காணோம், இந்தப் பக்கம் வந்துச்சா?'ன்னு கேக்குறா. நான் சொன்னேன், 'உனக்கென்ன, போன்ல பாக்க வேண்டியதுதானே'ன்னு. 'சார்ஜ் இல்ல'ன்னா. சரி, உள்ள வான்னேன். குதிரை தேடி வந்தவள வாசல்ல நிக்க வச்சுப் பேசுறதா?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, டீ போட்டேன். பெய்சென் குரலக் கேட்டதும் எழுந்து உக்காந்துட்டாரு. யாருக்கு என்ன ஆச்சு, யார் எங்க போனாங்க, எல்லாம் கேட்டாரு. இவளும் சொன்னா. உன் கடையில கேட்டதுதான் எல்லாம், வேற எங்க போறா அவ?" கனிபா குரலைத் தாழ்த்தினாள். "நடுவுல இவ சட்டைப் பையில போன் அடிச்சுது மைரா. நல்லா, சத்தமா. இவ முகம் செவந்துபோச்சு. பெய்சென், 'என்ன சத்தம்?'னாரு. நான் கெட்டில்னு சொல்லிட்டேன்."

"குல்பாஷ் என்ன சொன்னா?"

"கிண்ணத்த நீட்டினா, இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு. கிளம்பும்போது நான்தான் சொன்னேன், 'சாம்பல் குதிரை கிடைக்கலேன்னா மறுபடி வா'ன்னு. அவகிட்ட சாம்பல் குதிரையே கிடையாதே."

அதன் பிறகு குல்பாஷ் அங்கே மாதத்துக்கு ஒரு தடவையாவது போகிறாள். வேறு இரண்டு கொட்டில்களுக்கும் போகிறாள் என்று கேள்வி. எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. ஒரு வீட்டில் மருமகள் வாசலிலேயே தன் போனை எடுத்து, "எந்த எண் குதிரை, சொல்லுங்க, நான் பாத்துச் சொல்றேன்," என்றாளாம். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். குல்பாஷ் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

கசிமுராத் வீட்டுக்கு மட்டும் அவள் போகவில்லை. அங்கிருந்தும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. இந்த வருஷம் அவருக்குப் பேரன் பிறந்தான். தொட்டில் விருந்துக்கு எங்களையெல்லாம் அழைத்தார்கள். முந்தின நாள் குல்பாஷ் கடைக்கு வந்து, இருப்பதிலேயே மென்மையான ஒரு குழந்தைப் போர்வையைத் தேடி எடுத்தாள். மடித்து என்னிடமே கொடுத்தாள்.

"நீதான் போறியே. குடுத்துடு."

"யாரு குடுத்ததுன்னு கேப்பாங்களே."

"கேட்டா சொல்லு. கேக்கலேன்னா விட்டுடு."

நான் கொடுத்தேன். கசிமுராத்தின் மருமகள் வாங்கிக்கொண்டு கேட்டாள், நான் சொன்னேன். அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பி விருந்தாளி ஒருவரிடம் பேச ஆரம்பித்துவிட்டார். அவள் போர்வையைப் பிரித்துக் குழந்தையின் மேல் போட்டாள். இன்று வரைக்கும் அது திரும்பி வரவில்லை. குல்பாஷிடம் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவளும் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை.